வருவோரும் செல்வோரும்: மதுரைக் கிறித்தவக் கல்லூரிகளின் அயல்நாட்டுக் கல்வி உறவுகள்

மதுரையிலுள்ள கிறித்தவக் கல்லூரிகள் தரமதிப்பீட்டுக் குழுவுக்கு அளிக்கும் அறிக்கைகளில் பன்னாட்டு உறவுகளுக்கென ஒரு பகுதி உண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், வந்துபோன வெளிநாட்டுப் பேராசிரியர்கள், இணையவழிக் கருத்தரங்குகள் என அதில் பலவும் அடங்கும். இவற்றைப் படிப்பவருக்கு அயல்நாட்டுக் கல்வி அண்மையில் வந்த வழக்கம் என்று தோன்றக்கூடும். உண்மையில் இந்த உறவுக்கு மதுரையில் நீண்ட வரலாறு இருக்கிறது. மதுரைக்கு வந்து கற்றவர்கள் இங்கே நெடுநாள் தங்கினார்கள், தமிழைப் பாடமாகவே கற்றார்கள். அவர்களின் கல்வி பயன் தந்தது இந்த இரண்டினால்தான், இரண்டுக்கும் தொடக்கத்தில் இடம்கொடுத்தவை சமய நிறுவனங்களின் தொடர்புகள். ஆனால் யார் வருவது, யார் வரவேற்பது என்பதையும் அதே தொடர்புகளே வகுத்துவிட்டன. மதுரை மாணவர் வெளியே சென்று பயின்று திரும்பும் வழி இன்றுவரை குறுகலாகவே இருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

மொழி என்னும் முதல் நிபந்தனை

இந்த வரலாற்றை 1606ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருந்தும். இத்தாலிய இயேசு சபைத் துறவியான ராபர்ட் தெ நோபிலி அந்த ஆண்டு மதுரைக்கு வந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மற்றொரு இயேசு சபைத் துறவி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கு வந்திருந்தும், நகரத்தாரிடையே அவர் பணி வேர்விடவில்லை. நோபிலி தமிழைக் கற்றார். சிவதருமர் என்ற பிராமண ஆசிரியரிடம் வடமொழியும் கற்றார். உடை, உணவு, உறைவிடம் அனைத்தையும் மாற்றிக்கொண்டார். இதை எதிர்த்துச் சபைக்குள்ளேயே எழுந்த வழக்கு ரோமாபுரிவரை சென்று, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் ஓரளவு அவருக்குச் சாதகமாக முடிந்தது.

நோபிலியின் நோக்கம் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை, அதை மறைத்து அவரைப் பண்பாட்டுத் தூதராக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. ஆயினும் கல்வி வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அயலவர் ஒருவர் உள்ளூர் ஆசிரியரின் முன் மாணவராக உட்கார்ந்தார். நோபிலிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த வீரமாமுனிவரும் அந்த வழியிலேயே தமிழ் கற்றார். அகராதியும் இலக்கணமும் எழுதும் அளவுக்கு அவர் புலமை வளர்ந்தது.

பசுமலையிலிருந்து ஓபர்லின் வரை

புராட்டஸ்டண்டு கல்விப் பணி மதுரைக்கு வந்த வழி வேறு. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியபோது அதன் ஊழியர்கள் பாஸ்டனிலிருந்து நேராக இங்கு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே பள்ளிகளும் வட்டுக்கோட்டைச் செமினரியும் நடத்திவந்த அமெரிக்க மிஷன் அமைப்பின் கிளையாக வந்தார்கள். அங்கே பயின்ற தமிழர்களும் உடன் வந்தனர். மதுரையின் அமெரிக்கக் கல்விப் பணிக்கு முதல் தமிழ்த் துணை கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது என்ற செய்தியை நம் வரலாற்று நூல்கள் போகிற போக்கில் சொல்லிச் செல்கின்றன.

அந்த மிஷன் 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி 1904இல் நகருக்குள் வந்து, அமெரிக்கன் கல்லூரியாக நிலைபெற்றது. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் பெண்களுக்காக லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். 1953இல் கத்தோலிக்கச் சகோதரிகள் பாத்திமா கல்லூரியையும், 1970இல் இயேசு சபையார் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரியையும் நிறுவினர். முதல் மூன்றும் நகரக் கல்லூரிகள். நான்காவது உசிலம்பட்டிச் சாலையில், மானாவாரி நிலங்களுக்கு நடுவே, கிராமப்புற மாணவர்களை எண்ணி எழுந்தது.

மாணவப் பருவத்து அயல்நாட்டு வாழ்க்கை என்ற ஏற்பாடு மதுரைக்கு வந்ததற்குச் சீனாவில் நடந்த நிகழ்ச்சிகள் காரணம். பாக்சர் கலகத்தில் 1900ஆம் ஆண்டு கொல்லப்பட்ட மிஷனரிகளின் நினைவாக, அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி 1908இல் ‘ஷான்சி’ அமைப்பை நிறுவியது. பட்டம் பெற்ற இளைஞர்களை அது சீனப் பள்ளிக்கு ஆசிரியர்களாக அனுப்பிவந்தது. 1949ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அந்த வழி அடைபட்டபோது அமைப்பு பார்வையைத் திருப்பிய இடங்களில் மதுரையும் ஒன்று. சீனாவின் கதவு மூடியதால் அமெரிக்கன் கல்லூரி இருக்கும் தல்லாகுளத்தின் கதவு திறந்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

அப்படி 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கன் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் ஜோசப் எல்டர். பாரசீகத்தில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அவர் ஓபர்லினில் படித்தவர். மதுரையிலிருந்து திரும்பி ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். அங்கே 1961இல் தொடங்கிய ‘காலேஜ் இயர் இன் இந்தியா’ திட்டத்தை வளர்த்தவர்களில் அவரே முதன்மையானவர். குவேக்கர் சபையைச் சேர்ந்த அவர், 1965ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தான் போரை ஒட்டிய அமைதி முயற்சியிலும், 1980கள் முதல் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான தூதுப் பணியிலும் ஈடுபட்டார். இளமையில் மதுரையில் ஆசிரியராகக் கழித்த ஆண்டுகள் ஒருவரை எந்தத் துறைகளுக்கெல்லாம் இட்டுச்சென்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1961க்குப் பின்: நிதி மாறியது, முறை நிலைத்தது

1961ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அமெரிக்க இந்தியவியல் கழகம் நிறுவப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அதுவரை சபைகளின் காணிக்கையில் நடந்த உறவு அரசு நிதிக்கு மாறியது. இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு விலையாக அமெரிக்க அரசின் கணக்கில் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதி ஆய்வுக்கும் மொழிக் கல்விக்கும் ஒதுக்கப்பட்டது. பி.எல். 480 என்று அந்நாளில் எல்லோரும் பேசிய திட்டம் அது. இந்தக் கழகத்தின் தமிழ் மொழிப் பயிற்சிக்கு மதுரையே நிலைக்களமானது. பிற்பாடு அமெரிக்கக் கல்லூரிகள் சில கூடி நடத்திய ‘சவுத் இந்தியா டெர்ம் அப்ராட்’ திட்டமும் இங்கேயே தங்கியது.

நிதி கைமாறினாலும் முறை மாறவில்லை. விஸ்கான்சின் திட்டத்தில் சேரும் மாணவர் கோடையில் மேடிசன் நகரில் தமிழ் படித்துவிட்டே விமானம் ஏறினார். மதுரையில் தமிழ் வகுப்பு தொடர்ந்தது, அதோடு தனிக் களப்பணியும் இருந்தது. பிந்தைய கூட்டுத் திட்டத்தில் மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களில் தங்கினர். எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒருசேரக் கற்பது எளிதன்று. வகுப்பில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிப் பழகியவர், தங்கியிருக்கும் வீட்டு ஆச்சி ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று அடுப்படியிலிருந்து சொல்லும்போது இரண்டும் ஒன்றே என்று அறிய வேண்டும். எப்போது எதைப் பேசலாம், எதைப் பேசினால் எதிரிலிருப்பவர் சிரிப்பார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இது கற்பிக்கும் ஆசிரியருக்கும் சவாலான வேலை.

அந்த வேலையைச் செய்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் கு. பரமசிவம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தமிழ் வினைகளைப் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர், ஜேம்ஸ் லிண்ட்ஹோமுடன் இணைந்து அயலவருக்கான தமிழ்ப் பாடநூலை உருவாக்கினார். தமிழ் மாணவர்களுக்காக ‘இக்காலத் தமிழ் மரபு’ எழுதினார். மொழியியல் பயிற்சியும் அயலவருக்குக் கற்பித்த பழக்கமும் தமிழ் இலக்கணத்தைப் புதிய கண்ணோடு பார்க்க அவருக்கு உதவின, அதன் பலன் தமிழிலேயே நூலாயிற்று. இந்த வரலாற்றில் உறவு இருவழியாக இயங்கி முழுப் பயன் தந்த இடம் இதுவே.

ஒருவழிப் போக்கு

ஆனால் பரமசிவம் விதிவிலக்கு. மதுரையைக் களமாகக் கொண்ட ஆய்வுகளைப் பாருங்கள்: மீனாட்சியம்மன் கோயில் பட்டர்களைப் பற்றிய சி.ஜே. ஃபுல்லரின் நூல் 1984இலும், நகரத்து ஏழைகளின் திரைப்பட ஆர்வம் பற்றிய சாரா டிக்கியின் நூல் 1993இலும், ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றிய சூசன் சைசரின் நூல் 2005இலும் வந்தன. மூன்றும் மதிக்கத்தக்க உழைப்பு. மூன்றும் ஆங்கிலத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் வந்தவை. எந்தப் பட்டரும் நடிகையும் ரசிகரும் இந்த நூல்களுக்குத் தகவல் தந்தார்களோ, அவர்கள் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளின் தமிழ்வழி வகுப்புக்கு இவை எட்டாத தொலைவில் இருக்கின்றன.

மாணவர் நிலையில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவு. அமெரிக்க இளங்கலை மாணவர் மதுரையில் கழிக்கும் பருவம் அவருடைய பட்டத்துக்கான மதிப்பெண் கணக்கில் சேர்கிறது. கருமாத்தூரில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி அதேபோல ஒரு பருவம் வெளிநாடு செல்ல விரும்பினால் என்னவாகும்? நம் ஒற்றைப் பருவம் ஜூனில் தொடங்கி நவம்பர்த் தேர்வில் முடிகிறது. அமெரிக்காவின் இலையுதிர்ப் பருவம் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அங்கே படித்த பாடத்தை இங்கே ஏற்கும் விதி இல்லையென்றால், அவள் திரும்பிவரும்போது ஐந்து தாளும் அரியர். கடவுச்சீட்டு, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல், வங்கி இருப்புச் சான்று ஆகியவை இதற்கு மேல். முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகும் வீட்டில் அந்த வங்கிச் சான்றிலேயே பேச்சு நின்றுவிடும்.

இதில் சமயம் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. ஒன்றிய அரசு பட்டியல் சாதியினருக்கு வழங்கும் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது, இளங்கலைப் பருவப் பரிமாற்றத்துக்கு அன்று. மேலும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தலித் கிறித்தவர்கள் பட்டியல் சாதியில் சேர்வதில்லை. ஆகவே கிறித்தவக் கல்லூரியில் பயிலும் தலித் கிறித்தவ மாணவர் அந்த உதவிக்குப் பட்டியல் சாதியினராக விண்ணப்பிக்கவே முடியாது. திருச்சபையின் உலகத் தொடர்புகளைப் பெருமையுடன் பேசும் நிறுவனங்கள், தம் மக்களிலேயே மிகவும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தொடர்பின் பயன் கிட்டாத நிலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரு மறுப்புகள்

முதல் மறுப்பு: இவை யாவும் காலனிய, மிஷனரி உறவின் நீட்சி, சீர்திருத்தத் தகுந்தவை அல்ல. இந்த வாதத்தின் முதற்பாதி உண்மை. பிற்பாதி பொருந்தாது. லேடி டோக் கல்லூரியே இதற்குச் சான்று. தோக்கியோவின் பன்னாட்டுக் கிறித்தவப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து அக்கல்லூரி சமூகப் பணிவழிக் கற்றல் நடத்தியிருக்கிறது. ஆசியக் கல்லூரிகள் தமக்குள் மாணவரை அனுப்பிக்கொள்ளும் இந்த முறையில் பயணச் செலவு குறைவு, தாய்நிறுவனம், கிளைநிறுவனம் என்ற பழைய அடுக்கும் இல்லை.

இரண்டாம் மறுப்பு: கட்டணம் கட்டவே திணறும் மாணவருக்கு அயல்நாட்டுப் படிப்பு ஆடம்பரம். ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முகவர்களிடம் பணம் கட்டி மேற்படிப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரி ஒதுங்கி நின்றால் அந்த வாய்ப்பு பணம் உள்ளவருக்கே சொந்தமாகும். ஏழை மாணவரைக் காரணம் காட்டி வழியை அடைப்பதால் ஏழை மாணவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

புதிய விதிகளும் செய்யத்தக்கவையும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகள் இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம், இணைவுப் படிப்பு ஆகியவற்றுக்கு இடமளிக்கின்றன. ‘நாக்’ என்னும் தரமதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 பெற்ற இந்திய நிறுவனம், உலகத் தரவரிசையில் முதல் 1000 இடங்களுக்குள் இருக்கும் நிறுவனத்துடன் முன்அனுமதி இன்றியே கூட்டுச் சேரலாம். இதில் மதுரைக்கு ஒரு முரண் காத்திருக்கிறது. அந்தத் தரவரிசைகள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களை அளக்க வகுத்தவை. ஓபர்லின் போன்ற இளங்கலைக் கல்லூரிகள் அவற்றின் கணக்குக்குள் வருவதில்லை. எழுபது ஆண்டு நட்பு கொண்ட கல்லூரியுடன் கூட்டுப் பட்டம் தருவதைவிட, முன்பின் தெரியாத பெரிய பல்கலைக்கழகத்துடன் தருவது எளிது. நிதியிலும் நெருக்கடி உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம், பெற்ற நன்கொடையை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடைசெய்தது. நிருவாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. சபை அமைப்பு பணம் பெற்றுக் கல்லூரிக்குப் பகிரும் பழைய வழி இனி இல்லை.

ஆகவே பட்டத்தை விட்டுவிட்டுப் பருவத்தைப் பிடிப்பதே நடைமுறைக்கு உகந்தது. அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் 1978 முதல் தன்னாட்சி பெற்றவை, பாடத்திட்டத்தை வகுக்கும் உரிமை அவற்றின் கல்விக் குழுக்களிடம் இருக்கிறது. அக்குழுக்கள் மூன்று முடிவுகள் எடுக்கலாம். வெளிநாட்டில் படித்த பருவத்தின் பாடங்களை முன்கூட்டியே ஒப்பிட்டு ஏற்று, அரியர் என்ற அச்சத்தை நீக்குவது முதலாவது. வரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஈடாக மதுரை மாணவர் ஒருவரைக் கட்டணமின்றி அனுப்பும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுவது இரண்டாவது. வருவோர் அனைவருக்கும் தமிழைத் தேர்வுடன் கூடிய பாடமாக வைப்பதும், மதுரையில் செய்த ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் மூன்றாவது. இவற்றுள் எதற்கும் தில்லியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வந்தவருக்கு மதுரை நன்றாகவே கற்பித்தது. அந்தத் திறமைக்கு உரிய விலையை அது கேட்டதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முதல்வர்கள், அதனால் தம் மாணவர் எத்தனை பேர் எந்த ஆண்டில் புறப்படுவார்கள் என்று முதலில் கேட்கட்டும். அதற்கு எழுத்தில் பதில் வராத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.