ஒரு ஸ்பூன் மசாலாத்தூள்: தொலைக்காட்சிச் சமையல் கலைஞர்கள் பாக்கெட்டின் முகமான கதை

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வேப்பூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். விருத்தாசலத்துக்கு மேற்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைச் சின்னசேலம் சாலை குறுக்கே வெட்டும் இடத்தில் இருக்கும் ஊர் இது. தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கும் வாரங்களில் வெளிமாவட்ட வியாபாரிகளும் வண்டியோடு வந்து இறங்குவார்கள். ஆட்டை வாங்குபவர் சும்மா வாங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகை அழுத்திச் சதை பார்ப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். அதன் பிறகுதான் விலைப் பேச்சு.

அந்தக் கறிக்கு வேண்டிய மசாலாவை யாரும் இப்படி வாங்குவதில்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டைக் கிழிக்கும்வரை உள்ளே இருப்பதைப் பார்க்கவும் முடியாது, முகரவும் முடியாது. அங்கே வாங்குபவருக்குத் துணை வெளியே அச்சான ஒரு பெயர், அல்லது தொலைக்காட்சியில் பார்த்த ஒரு முகம்.

அந்த முகம் யாருடையது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒன்று உறவுப் பெயர். இன்னொன்று நடிகை. மூன்றாமவர் சமையல் கலைஞர். இந்த மூன்றில் மூன்றாமவரின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். அதற்குக் காரணம் அவர் நடித்த விளம்பரங்கள் அல்ல. அவர் சொல்லும் சமையல் குறிப்பே விளம்பரமாக மாறியதுதான் காரணம்.

பொடியும் ஒரு பாடமாக இருந்தது

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து போன பெண்களுக்கும் வெளியூரில் குடியேறியவர்களுக்கும் மாமியார் இடத்தில் நின்று சொல்லிக்கொடுத்த புத்தகம் அது. அதில் சாம்பார் வைப்பது எப்படி என்பது ஒரு பாடம் என்றால், சாம்பார்ப் பொடி செய்வது தனிப் பாடம். மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எதை எந்தப் பதத்தில் வறுப்பது என்று படிப்பவர் கற்க வேண்டும். பொடி என்பது கடையில் கிடைக்கும் பொருளாக இல்லை. அது ஒரு வேலையாக இருந்தது.

தயாரித்த உணவுப் பொருளும் சமையல் பாடமும் கைகோத்தது அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1937இல் சந்தைக்கு வந்த டால்டா வனஸ்பதி, நெய்க்குப் பழகிய நாட்டில் ஒரு புதுக் கொழுப்பை விற்க வேண்டியிருந்தது. டின் வடிவத்தில் கட்டிய வண்டியைத் தெருவில் ஓட்டினார்கள். மக்கள் கூடும் இடங்களில் பலகாரம் பொரித்துக் கொடுத்தார்கள். டால்டா பெயரிலேயே சமையல் புத்தகமும் போட்டார்கள். தமிழ்நாட்டில் வனஸ்பதிக்கே 'டால்டா' என்பது பொதுப்பெயராகிப் போனது. பொருளை விற்க வேண்டுமானால் முதலில் சமையலைச் சொல்லிக்கொடு என்ற வித்தை இதில் இருந்தது.

பொடிக்கு நிலைமை வேறு. மிளகாயையும் மல்லியையும் மொட்டைமாடியில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வரும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. அம்மியிலிருந்து மில்லுக்குப் போனபோது உழைப்பு குறைந்ததே தவிர, அளவு வீட்டுக்காரியின் கையை விட்டுப் போகவில்லை. அது போனது பாக்கெட் வந்த பிறகு.

ஆச்சியும் சித்ராவும்

ஈரோட்டுப் பகுதியில் மஞ்சள்தூள் வியாபாரத்தில் தொடங்கிய பி.சி. துரைசாமியின் சக்தி மசாலா 1975இல் உருவானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷனில் வணிக விளம்பரங்கள் வந்தன. சக்தி மசாலாவும் தொலைக்காட்சி விளம்பரமும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள்.

1995இல் ஏ.டி. பத்மசிங் ஐசக் சென்னையில் தொடங்கிய நிறுவனத்துக்கு 'ஆச்சி' என்று பெயர் வைத்தார். செட்டிநாட்டில் மரியாதைக்குரிய பெண்ணையும், தென்மாவட்டங்களில் பாட்டியையும் குறிக்கும் சொல் அது. இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லோடு கைமணம் ஒட்டியிருக்கிறது. வீட்டில் அரைக்காத பொடிக்கு வீட்டில் அரைக்கும் மூத்தவளின் பெயர் பொருத்தமாக அமைந்தது. அமெரிக்காவில் 1921இல் ஒரு மாவு நிறுவனம் வாசகியரின் கேள்விகளுக்குப் பதில் எழுத 'பெட்டி கிராக்கர்' என்ற பெண்ணைக் கற்பனையாகப் படைத்தது. அங்கே கையெழுத்தும் வானொலிக் குரலும் கொடுத்து ஓர் ஆளை உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே உறவுப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்னொரு வழி நட்சத்திர முகம். விருதுநகர் நிறுவனத்தின் இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்தில் நடித்த பிறகு நடிகை சித்ரா 'நல்லெண்ணெய்' சித்ரா ஆனார். மலையாளத்திலும் தமிழிலும் அவர் நடித்த படங்களைத் தாண்டி அந்த அடைமொழி நின்றது. 2021 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது செய்தித்தாள் தலைப்புகளும் அப்படியே எழுதின. நட்சத்திரம் பொருளுக்குப் பெயர் வாங்கிக்கொடுப்பது வழக்கம். இங்கே பொருள் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தது.

ஆனாலும் நடிகையின் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. அவர் எண்ணெயைக் கையில் எடுத்துச் சிரிக்கும்போது, அவர் வீட்டில் சமைப்பது யாரோ என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு இருந்துகொண்டே இருக்கும். கரண்டி பிடிப்பதே தொழிலாக உள்ளவரிடம் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

கரண்டி பிடித்தவர் திரைக்கு வந்தார்

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கியது. அதே 1993இல் இந்தியில் ஜீ தொலைக்காட்சியில் சஞ்சீவ் கபூரின் 'கானா கஜானா' வந்தது. செயற்கைக்கோள் அலைவரிசைகளுக்குப் பகல் நேரத்தை நிரப்பக் குறைந்த செலவில் நிகழ்ச்சி வேண்டும். ஓர் அடுப்பு, ஒரு மேசை, ஒரு சமையல்காரர், பேச்சுக்குத் துணையாக ஒரு தொகுப்பாளர் என்று சமையல் நிகழ்ச்சிக்கு அதிகம் தேவையில்லை. அதோடு, அதைப் பார்ப்பவர்தான் மளிகைச் சீட்டு எழுதுபவரும். விளம்பரதாரருக்கு இதைவிடச் சரியான கூட்டம் கிடைக்காது.

தமிழில் கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம், புத்தகங்களால் முன்பே பெயர் பெற்றிருந்த மல்லிகா பத்ரிநாத், 'ஆஹா என்ன ருசி'யின் ஜேக்கப் சகாயகுமார் அருணி, கே. தாமோதரன் என்கிற செஃப் தாமு, வெங்கடேஷ் பட் என்று ஒரு வரிசையே உருவானது. இவர்களில் ஆண்கள் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல் அடுக்களையிலிருந்து வந்தவர்கள், பெண்கள் வீட்டு அடுக்களையிலிருந்தும் பத்திரிகைப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். 2010இல் தாமு 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து நின்று 617 உணவு வகைகளைச் சமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார். கல்யாணப் பந்தியில் முகம் தெரியாமல் உழைத்த சமையல்காரருக்கு, இப்போது பெயரும் முன்னொட்டும் ரசிகர்களும் சேர்ந்தன. 'செஃப்' என்ற சொல்லே தமிழில் புழங்கியது இந்தக் காலத்தில்தான்.

பெயர் வந்தால் அதற்குச் சந்தை மதிப்பும் வரும். அது மூன்று வழிகளில் பணமானது.

முதல் வழி, சொந்தப் பெயரில் பொருள் விற்பது. இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன எட்டோரே பொயார்டி, தன் உணவகச் சாஸுக்கு இருந்த வரவேற்பைப் பார்த்து 1928இல் தொழிற்சாலை தொடங்கினார். உச்சரிக்க எளிதாக 'செஃப் பாயார்டி' என்று பெயரை ஒலிப்படி எழுதி டப்பாவில் ஒட்டினார். இந்தியாவில் தர்லா தலால் பெயரில் உடனடிச் சமையல் கலவைகள் 1980களின் பின்பகுதியிலேயே வந்தன. தமிழகத்தில் மல்லிகா பத்ரிநாத்தின் பெயரில் மசாலாப் பொருட்கள் கடைக்கு வந்தன.

இரண்டாவது வழி, பெரிய நிறுவனத்துக்கு முகம் கொடுப்பது. பிரிட்டனில் ஜேமி ஆலிவர் 2000 முதல் 2011 வரை செயின்ஸ்பரீஸ் அங்காடிகளின் முகமாக இருந்தார். 2015இல் டாடா சம்பன் பருப்பும் மசாலாவும் வந்தபோது அதில் சஞ்சீவ் கபூர் இருந்தார்.

மூன்றாவது வழிதான் சூட்சுமமானது. அதில் பாக்கெட் மேசைமேல் சும்மா இருக்கும். கலைஞர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. பெயர் கேமராவுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிவைத்துவிட்டு, "ஒரு ஸ்பூன் மட்டன் மசாலா" என்று போட்டால் போதும். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் தலைப்பிலும் உண்டு, மேசையிலும் உண்டு, குழம்பிலும் உண்டு.

1951இன் குறிப்பையும் இன்றைய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் விளங்கும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், வெந்தயம் என்று நீண்ட பட்டியல் இப்போது 'மசாலாத்தூள்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. வறுபதம் போனது, வாசனை வந்ததும் இறக்கு என்ற கணக்கும் போனது. கற்றுக்கொடுக்க வந்தவர், கற்க வேண்டியதில் பாதியைப் பாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டார்.

இதில் இழப்பு மட்டுமே உண்டு என்று சொல்வது நியாயமாகாது. விடியலில் அம்மிக்கு முன் உட்கார்ந்த பெண்ணின் தோள்வலியை எந்தச் சமையல் புத்தகமும் எழுதவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், தனியாகத் தங்கிச் சமைக்கும் இளைஞருக்கும், ஒரு வேளைக்கு மட்டும் வாங்கக்கூடிய கூலித் தொழிலாளிக்கும் சிறிய பாக்கெட் பெரிய உதவி. கேள்வி பாக்கெட்டைப் பற்றியதல்ல. அதைப் பரிந்துரைப்பவர் கூலி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி.

நிகழ்ச்சி எங்கே முடிகிறது?

1994ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், பின்வந்த திருத்தங்களோடு சேர்ந்து, இதற்கு ஒரு கோடு போட்டன. விளம்பரம் நிகழ்ச்சியிலிருந்து தெளிவாகப் பிரித்தறியும்படி இருக்க வேண்டும், மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அவற்றின் சாரம். நாடகத்துக்கும் செய்திக்கும் இந்தக் கோடு பொருந்தும். சமையல் நிகழ்ச்சியில் விளம்பரப் பொருள் வாணலிக்குள்ளேயே விழுந்துவிடுவதால், 12 நிமிடத்தை எங்கிருந்து எண்ணுவது என்று யாரும் சொல்ல முடியாது.

2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' சமையலை நகைச்சுவையோடு கலந்தது. தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்களாக வீடுதோறும் அறிமுகமானார்கள். 2020 ஊரடங்கு, சமையல் கலைஞர்களை யூடியூபுக்கும் கொண்டுவந்தது. அங்கே 12 நிமிடக் கணக்கும் கிடையாது. 

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்பதில்லை. 1963இல் பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சியில் 'தி பிரெஞ்ச் செஃப்' நிகழ்ச்சியைத் தொடங்கிய ஜூலியா சைல்ட், எந்தப் பொருளுக்கும் விளம்பரத் தூதராக மறுத்தார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பில் அந்த மறுப்புக்கும் பங்குண்டு. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தது பொதுத் தொலைக்காட்சி. விளம்பரதாரரை மட்டும் நம்பி ஓடும் அலைவரிசையில் நிற்பவர் அந்த முடிவை எடுப்பது கடினம்.

சட்டம் எதைப் பிடிக்கிறது

பொருளுக்கு முகம் கொடுத்தவருக்கும் பொறுப்புண்டா என்ற கேள்வியை நாடு முழுவதும் பேசவைத்தது 2015இன் மேகி விவகாரம். 1983 முதல் இந்தியாவில் விற்ற நூடுல்ஸில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லி ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விற்பனையை நிறுத்தியது. அதற்கு முந்தைய நாளே தமிழக அரசு மேகி உள்ளிட்ட 4 நூடுல்ஸ் வகைகளுக்கு 3 மாதத் தடை விதித்திருந்தது. விளம்பரத்தில் நடித்த மாதுரி தீட்சித்துக்கு ஹரித்வார் அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பினார்கள். ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. முகம் கொடுத்தவரின் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் திரும்பிப் போகவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்குப் பதில் எழுதியது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு விளம்பரத் தடையும், தொடர்ந்தால் 3 ஆண்டுத் தடையும் விதிக்கலாம். சொல்வது உண்மையா என்று முறையாக விசாரித்திருந்தால் அபராதம் இல்லை. 2022 ஜூன் 9 வழிகாட்டு நெறிகள் இன்னும் ஒரு படி போயின. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பண உறவு இருந்து, அதைப் பார்ப்பவர் எதிர்பார்க்க முடியாது என்றால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றன. 2023 ஜனவரியில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கும் இதே கடமை விளக்கப்பட்டது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரபலங்களும் சமமான பொறுப்புடையவர்கள் என்று சொன்னது.

சட்டத்தின் வலையில் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. அது பொய்யான கூற்றைத் தேடுகிறது. "இதைச் சாப்பிட்டால் உயரமாக வளரலாம்" என்று சொன்னால் பிடிக்கலாம். "ஒரு ஸ்பூன் போடுங்கள்" என்பதில் எந்தப் பொய்யும் இல்லை. அதனால் தமிழ்ச் சமையல் நிகழ்ச்சிகளில் மிக அதிகமாக நடக்கும் பரிந்துரை, பொய் என்ற கேள்விக்குள் வராமலே நழுவுகிறது. அங்கே பயன்படக்கூடியது உறவை வெளிப்படுத்தும் விதி மட்டுமே. தொடக்கத்தில் ஓடி மறையும் நன்றி அட்டையால் அந்தக் கடமை தீர்ந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. பாக்கெட் திறக்கப்படும் அந்த நேரத்தில், திரையில் 'விளம்பரம்' என்று தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் வர வேண்டும். கலைஞர்கள் அந்தப் பொடியை வீட்டில் செய்யும் அளவையும் ஒரு வரியில் சேர்த்துச் சொல்லலாம். விற்பனை அதனால் படுத்துவிடாது. பார்ப்பவர் பங்குக்கு, பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கலாம். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் உப்போ மாவோ இருந்தால், காசு எதற்குப் போகிறது என்று தெரிந்துவிடும். வேப்பூர்ச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்ப்பவருக்கு இது புது வேலை இல்லை. விளம்பரம் ஏமாற்றியதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.