ஆரணிப் பட்டு நெசவாளர் சங்கங்கள்: அங்கத்தினர் தகுதியின் வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டு நெய்வோர், கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராவதற்கு இன்ன தகுதி வேண்டுமென வகுத்த நியதிகளும், அவை படிப்படியாக இறுகிய வரலாறும் இத்தலைப்பில் அடங்கும்.

முற்காலத்தில் தமிழ்நாட்டு நெசவுக் குலத்தார் தத்தம் குல சபைகளுக்கு உட்பட்டுத் தொழில் நடத்தினர். அங்கே பிறப்பே தகுதி, தந்தையின் தறிக்குழியே பாடசாலை. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், பதினெட்டு வயது கடந்த பத்துப் பேர் ஒரே ஊரினராகவோ ஒரே வகுப்பினராகவோ இருத்தல் போதுமென்றதால், பழைய சபையின் சாயல் அதிலும் தங்கிற்று. கடனோடு நில்லாமல் உற்பத்திக்கும் விற்பனைக்கும் சங்கம் காண 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர் பெற்ற மாகாணச் சங்கம் 1935இல் சென்னையில் தோன்றியது.

1953இல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்பிடி தீர்வை விதித்து, அதன் வருமானத்தைக் கைத்தறி அபிவிருத்திக்கு ஒதுக்கியபோது, உதவி பெரும்பாலும் சங்கங்களின் வழியே வந்தமையால், நாடாவைத் தொட்டறியாதவர்களுக்கும் அங்கத்தினராகும் ஆசை பிறந்தது. ஆகவே குலத்தைக் கேட்ட விதி கையைக் கேட்கலாயிற்று: விண்ணப்பிப்பவர் தாமே நெய்பவரா, தறி அவர் வீட்டில் ஓடுகிறதா என்பவை வினாக்களாயின. அங்கத்தினரான பின்னும், சங்கம் பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துக் கொடுத்து, நெய்து வந்த சேலையையும் நிறுத்துப் பார்த்து, இழை அறுந்த இடமும் கரை கோணிய இடமும் தடவிக் கண்ட பின்னரே கூலி தரும் வழக்கத்தால், ஒவ்வொரு சேலையும் நெசவாளருக்கு ஒரு பரீக்ஷையாகவே அமைகிறது.

குறித்த சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியவையாக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால், அவ்வகைகளை விசைத்தறியில் நெய்வது ஒழுங்கீனம் என்ற நிலை கடந்து சட்ட விரோதமாயிற்று. 2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் எழுந்த சில்க் மார்க் ஸ்தாபனம், தூய பட்டு விற்பதாக உறுதி கூறி அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே தன் முத்திரையை அளிக்கிறது. ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

முத்திரை சேலையைப் பற்றிச் சொல்லுமேயன்றி நெய்தவரைப் பற்றிச் சொல்லாது. அதற்குச் சாட்சி சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடே. ஆதலால் அப்பதிவேட்டில் நெய்யாதவர் பெயர் ஒன்று ஏறினாலும், நெய்பவர் ஒருவரின் பாவும் கூலியும் அந்த அளவுக்குக் குறையும்.