வன்னியின் காடும் குளமும்: காவற் செலவை ஏற்றோர் யார்? — ஒரு வரலாற்று நோக்கு

காட்டுயிர்களையும் அவற்றின் உறைவிடங்களையும் பேணல் வேண்டும் என்பதை இன்று மறுப்போர் மிகச் சிலரே. ஆயின், அதற்கான செலவை ஏற்க வேண்டியவர் யார் என்னும் வினா எழும்போதே கருத்துக்கள் பிரிகின்றன. வவுனியாவும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நகரங்களாக விரிந்துவரும் இவ்வேளையில், அவ்வினாவை வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியின் இயல்பை அதன் ஊர்ப்பெயர்களே உணர்த்துவன. கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம், வவுனிக்குளம் எனக் குளத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று. கிளிநொச்சி என்னும் பெயரிலே பறவையும் செடியும் இணைந்து நிற்கின்றன. குளங்கள் நெல் வேளாண்மைக்காகக் கட்டப்பட்டவையாயினும் அவற்றின் பயனை உழவன் மட்டும் பெற்றானல்லன். அலைகரையின் ஆழமற்ற நீரில் கொக்கும் நாரையும் இரை தேடின. கோடையில் யானையும் மானும் கரடியும் அந்நீரையே நாடின. எனவே, குளக்கட்டுக்கு மண் சுமந்தவன் தன்னை அறியாமலே காட்டுயிரின் உறைவிடத்தையும் காத்தான் எனலாம். அக்காவலின் செலவு பணமாக அன்றி உடலுழைப்பாகவே செலுத்தப்பட்டது.

இதனைக் கொண்டு பழங்காலத்தைப் பொற்காலமெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வுழைப்பிற் பெரும்பகுதி கட்டாய ஊழியமாகும். வன்னிமைகளின் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாக அளித்தனர் என்பதையும், அவ்வாணிபத்தின் சுவடு ஆனையிறவு என்னும் பெயரில் இன்றும் நிலைத்திருப்பதையும் மறந்துவிடலாகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை பெரிதும் மாறிற்று. கோல்புறூக் குழுவின் விதப்புரையின்படி 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மனித உரிமை நோக்கில் இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், முன்னரே பல குளங்கள் பாழடைந்திருந்த வன்னியில், எஞ்சிய குளங்களைப் பேணிய உழைப்புக்கு ஈடாக அரசு பணம் எதையும் உடனே ஒதுக்கவில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டம் பயிரிடப்படாத காட்டு நிலத்தை முடிக்குரியதெனக் கருத வழிசெய்தது. உரிமையை விரைந்து ஏற்ற அரசு, பொறுப்பை ஏற்கத் தயங்கிற்று. 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம் கிராம வழக்குகளுக்கு மீண்டும் உயிரூட்டியமை இக்குறையை ஓரளவு ஒப்புக்கொண்டமையைக் காட்டும்.

காட்டுயிர் தொடர்பில் அரசு அக்காலத்திலே பணம் செலவிடவில்லை எனக் கூறுதற்கும் இல்லை. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றமைக்காக அரச வெகுமதி கோரப்பட்டதாக எமேசன் ரெனன்ற் தமது நூலிற் குறிப்பிடுகின்றார். இப்பகுதியின் காட்டுயிர்க்கெனத் திறைசேரி செலவிட்ட தொடக்ககாலப் பணம் அதனை அழிப்பதற்கே செலவாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

பாதுகாப்பு எண்ணம் பின்னரே தோன்றிற்று. 1887இல் வனத் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1894இல் ஐரோப்பிய வேட்டைக்காரர் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். வேட்டைக்கு விலங்கு எஞ்சவேண்டும் என்பதே அவர்தம் முதற் கவலை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1938இல் சுண்டிக்குளமும், 1951இல் கொக்கிளாயும் சரணாலயங்களாயின. சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் நிலமும் அமையலாம். தேசிய பூங்காவோ அரச நிலத்தில் மட்டுமே அமைவது, அனுமதியின்றி உட்புக இயலாதது. இவ்வேறுபாடு பிற்காலத்திற் பெரும் விளைவுகளை உண்டாக்கிற்று.

இதே காலத்தில் அரசின் மற்றொரு கை காட்டை வெட்டிக் குடியேற்றங்களை அமைத்தது. 1902இல் தொடங்கப்பெற்ற இரணைமடுக் குளத்தின் பணிகள் 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தின. 1936இல் யாழ்ப்பாணத்தின் நிலப்பற்றாக்குறைக்கும் வேலையின்மைக்கும் தீர்வாகக் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. 1978இல் முல்லைத்தீவும் 1984இல் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாகியமை நகராக்கத்தின் அடுத்த படியாகும்.

2009இல் முடிவுற்ற போர் இவ்வளர்ச்சியை முற்றாகக் குலைத்தது. மக்கள் கைவிட நேர்ந்த வயல்களிலும் வளவுகளிலும் பல இடங்களிற் பற்றைக் காடு மூடிற்று. மீண்டு வந்தோரிற் பலர், தாம் உழுத நிலம் வனத் திணைக்களத்தின் எல்லைக்குள் அடங்கியிருக்கக் கண்டனர். 2014இல் வட மாகாணத்துக்கான ஒருங்கிணைந்த சூழல் மதிப்பீடு வெளியாயிற்று; 2015இல் சுண்டிக்குளம் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. அறிவியல் நோக்கில் இவற்றுக்கு நியாயம் உண்டு. ஆயின், பேணலின் விலையை மிகுதியாகச் செலுத்துவோர், காணிப் பத்திரத்தையும் போரில் இழந்த உழவரும் கடற்றொழிலாளருமாவர். நட்டஈடின்றி ஒருவனின் நிலத்திற் காக்கப்படும் காடு இலவசமாகக் காக்கப்படுவதன்று; வறியவனிடமிருந்து அறவிடப்படும் வரியாகவே அது அமைந்துவிடுகின்றது.

மாற்று வழி இல்லையா எனின், கொழும்பின் அனுபவம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 2010 நவம்பர் வெள்ளம் பாராளுமன்ற வளாகத்தையும் சூழ்ந்தபின்பே, சதுப்பு நிலம் நகரைக் காக்கும் நீர்த்தாங்கி என்னும் உண்மை ஆட்சியாளருக்குப் புலனாயிற்று. 2012இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய மாநகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ்ப் பெத்தகான ஈரநிலப் பூங்கா போன்றவை உருவாயின. 2018இல் கொழும்பு றாம்சார் ஈரநில நகரமாக ஏற்பிசைவு பெற்றது. பறவைக்கெனக் கேட்டிருப்பின் கிடைத்திராத பணம், வெள்ளத் தடுப்புக்கெனக் கேட்டபோது கிடைத்தது, பறவையும் பயனடைந்தது.

இவ்வுண்மை வன்னிக்கும் பொருந்துவதே. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் அமிழ்ந்தன. குளத்தின் நீரேந்து பரப்பிலுள்ள காடு மழைநீரைத் தாங்கி மெல்ல விடுவது. நகரைச் சூழ்ந்த சிறு குளங்களும் அத்தகையனவே. 2016இல் பசுமைக் காலநிலை நிதியம் உலர்வலயக் குளத் தொடர்களைப் புனரமைக்க ஏறத்தாழ 3.8 கோடி டொலரை ஒதுக்கியபோது, வவுனியாவும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. எனினும், கடனும் நன்கொடையும் தொடக்கத்துக்கு உதவுவனவேயன்றி ஆண்டுதோறும் தொடரும் காவலுக்குப் போதா.

இன்று சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெருங்குளம் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. மேலுள்ள காடு வனத் திணைக்களத்துக்கு உரியது. வடிகால் உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியது. மூன்றையும் ஒன்றெனக் கண்டு பணம் ஒதுக்கும் ஏற்பாடு தேவை. வளரும் நகரின் சோலைவரியிலும் கட்டட அனுமதிக் கட்டணத்திலும் ஒரு பங்கை அந்நகரின் குளங்களுக்கென ஒதுக்கி, அலைகரையைப் பேணும் பணியைக் கமக்கார அமைப்புகளிடம் ஊதியத்துடன் ஒப்படைத்தல் அதற்கு ஒரு வழியாகும். காணிப் பிணக்குகள் தீர்க்கப்படாமல் புதிய எல்லைக் கற்கள் நாட்டப்படுதலும் தவிர்க்கப்படல் வேண்டும்.

முன்னாளில் உழைத்தவன் ஊதியமின்றிக் காத்தான். இடைக்காலத்தில் அரசு அழிப்புக்கு வெகுமதி அளித்தது. அண்மைக்காலத்தில் இடம்பெயர்ந்தோர் தம் நிலத்தை விலையாகக் கொடுத்தனர். குளத்தினாலும் காட்டினாலும் வெள்ளத்தினின்று காக்கப்படும் நகரம், இனியேனும் தன் பங்கைத் தானே செலுத்துதல் நீதியாகும்.