எழுவான்கரையும் படுவான்கரையும்

ஓர் ஊரின் வரலாற்றை அறியப் புகுவோர் அதன் கோட்டையிலிருந்து தொடங்குதல் பெருவழக்கு. மட்டக்களப்புக்கும் அத்தகைய தொடக்கம் உண்டு. 1602இல் ஒல்லாந்துக் கடலோடி இசுப்பில்பேர்கன் இக்கரையில் இறங்கினான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகளின் பின், 1638இல், ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆயின் இவையெல்லாம் தீவில் இருந்து ஆண்டோரின் வரலாறே. வாவியின் இரு மருங்கிலும் வாழ்ந்தோரின் வரலாறு வேறு.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கீழ்ப்பால், வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்பாலுள்ள வயற்பரப்புப் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையுமே பெயராயின. எழுவான்கரையிலே தென்னையும் மீன்பிடியும் நெருங்கிய குடியிருப்பும். படுவான்கரையிலே நெல்லும் மந்தையும் காடும். நெற்பயிரையே ‘வேளாண்மை’ என்று சுட்டும் வழக்கு இந்நாட்டில் உண்டு. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடைய போடியார் பலர். விதைப்புக் காலத்தே வாவியைக் கடந்து, வயல்வாடியிலே தங்கி, அறுவடை முடிந்தபின் நெல்லோடு மீளுதல் அவர்தம் ஆண்டு ஒழுங்கு. ஆகவே வாவி இரு கரைகளையும் பிரிக்கும் எல்லையன்று. ஒரே குடும்பத்தின் வீட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள முற்றம் எனலாம்.

இச்சமூகத்தின் கட்டுக்கோப்பு தாய்வழிக் குடியிலே தங்கியுள்ளது. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். திருமணத்தின் பின் மணமகன் மனைவியின் வீடு சென்று வாழ்வதும், வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாவதும் மரபு. கோயில் நிருவாகத்திலே குடிகளின் சார்பில் வண்ணக்கர் பொறுப்பேற்பர். இம்முறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அண்டை ஊர்களில் வாழும் முசிலிம் மக்களிடமும் தாய்வழிக் குடிகள் உள. பள்ளிவாசலிலே குடிகளின் சார்பில் மரைக்காயர் அமர்வர். சமயத்தால் வேறுபட்ட இருசாராரும் உறவைக் கணிக்கும் முறையால் ஒத்திருத்தல் நெடுங்கால அயல்வாழ்வின் சான்றாகும்.

முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய முதுசொம்முறையை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வழக்கிழக்கச் செய்தது. நீதிமன்றிலே அம்முறை மறைந்தது; வீட்டிலே மறைந்திலது. சட்டப் புத்தகத்தினின்று நீங்கிய பின்னரும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தலைத் தந்தையும் உடன்பிறந்தாரும் தம் தலையாய கடனாகவே கொண்டனர். அரசின் ஏட்டை மட்டும் நோக்கி ஒரு சமூகத்தை மதிப்பிடுதல் தகாது என்பதற்கு இஃதொன்றே போதும்.

வைகாசி மாதத்தில் ஊர்தோறும் கண்ணகியம்மன் கோயில்களிலே கதவு திறந்து சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்பெற்று, இறுதியிலே அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி நடைபெறும். மழை பொய்த்த காலத்தும் நோய் பரந்த காலத்தும் கொம்புமுறி விளையாட்டு நிகழ்ந்ததுண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கோத்து இழுக்கும். வென்றவர் ஆர்ப்பர், தோற்றவரை எள்ளிப் பாடுவர். விழா முடிய ஊர் மீண்டும் ஒன்றாகும். பகையை ஆட்டமாக ஆடி, ஆட்டத்தோடு முடித்துவிடும் அறிவு அதிற் பொதிந்திருந்தது.

அவ்வறிவைப் போர்க்காலம் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. 1987 சனவரியிலும் 1991 யூனிலும் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பகுதியிலே பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1990 ஆகத்திலே எழுவான்கரையின் காத்தான்குடியிற் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 2007 வரை வாவியின் துறைகள் பல இரு அதிகாரங்களின் எல்லையாயின. முற்றமாயிருந்த நீர் மதிலாயிற்று. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலுமாக இருந்தோர் பட்ட இடர் கொஞ்சமன்று.

‘பாதை’ என இவ்வூரார் வழங்கும் மிதவையே மண்முனைத் துறையில் நெடுங்காலம் மக்களையும் வண்டிகளையும் கடத்தியது. 2014இலே அங்கே பாலம் திறக்கப்பட்டது. தான்தோன்றீசுவரர் தேரோட்டத்துக்குச் செல்வோர் இப்பொழுது துறையிற் காத்திருப்பதில்லை. நோயாளியும் மாணவனும் விரைவிற் கடக்கின்றனர். இது பெரும் நன்மையே. எனினும் பாலம் கரைகளை இணைக்கும். மனங்களை இணைத்தல் அதன் பணியன்று. அதனை முன்னர்ச் செய்தவை குடியும் கோயிலும் பள்ளிவாசலும் கொடுக்கல் வாங்கலுமே.

முதியோர் நினைவிலுள்ள குடிவரலாறுகள், கோயில்களிலுள்ள ஏட்டுச்சுவடிகள், வயல்வெளிச் சொற்கள் ஆகியவை இன்னும் முற்றாகத் தொகுக்கப்படவில்லை. இரு கரை மாணவரும் தத்தம் ஊரில் இவற்றைக் கேட்டு எழுதுவாராயின், கோட்டையின் வரலாற்றுக்கு அருகே மக்களின் வரலாறும் இடம்பெறும். அயலார் ஒருகால் எவ்வாறு கூடி வாழ்ந்தனர் என்பதை அறிந்தோர்க்கே மீண்டும் அவ்வாறு வாழ வழி புலப்படும்.