வன்தட்டும் காப்புப்படியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஏடு படியெடுத்தல் தமிழர்க்குப் புதிய தொழிலன்று. பனையோலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் இயல்புடையது. ஆதலின், ஓர் ஏடு நைந்து போகுமுன்னரே அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிவைக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. இன்று நாம் பயிலும் சங்கப் பாடல்களுள் எதுவும் புலவர் தம் கைப்பட எழுதிய ஓலையிலிருந்து வந்ததன்று. படியின் படியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. படியெடுப்போர் அருகியபோது நூல்களும் அருகின. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவ்விழப்பை நெஞ்சு நொந்து எழுதியிருக்கிறார்.

ஓலை இருந்த இடத்தில் இன்று கணினியின் வன்தட்டு அமர்ந்திருக்கிறது. தேர்வுத்தாள், மாணவர் பதிவு, பள்ளியின் ஆண்டு மலர், பழைய ஆசிரியர்களின் நிழற்படங்கள் என யாவும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டன. ஓலையினும் இத்தட்டு உறுதி வாய்ந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால், அதனைப் படைத்தவர்களே அவ்வாறு எண்ணியதில்லை.

வன்தட்டின் வரலாறு ஒரு பள்ளி ஆசிரியரிடம் தொடங்குகிறது என்பது நம் துறையினர்க்கு உவகை தரும் செய்தி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ரெனால்ட் ஜான்சன். மாணவர் பென்சிலால் குறியிட்ட விடைத்தாள்களைத் தானே திருத்தும் பொறி ஒன்றை அவர் வகுத்தார். தாள் திருத்தி அயர்ந்தவரன்றி வேறு யாருக்கு அவ்வெண்ணம் தோன்றும்! அப்பொறியின் பொருட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1934இல் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1952இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க அனுப்பியது. அங்கே உருவானதே உலகின் முதல் வன்தட்டு. 1956இல் ரமாக் என்னும் கணினியோடு அது வெளிவந்தது. இரண்டடி விட்டமுடைய 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டொரு படங்களுக்கே அவ்விடம் போதாது.

சுழலும் தட்டின்மேல், அதனைத் தொடாமல், காற்றின் மீது மிதந்தபடி காந்த முனை ஒன்று எழுதவும் படிக்கவும் செய்கிறது. அன்று முதல் இன்று வரை அடிப்படை இதுவே. இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வந்து, இன்று ஒரு மீட்டரின் நூறு கோடியில் சில பங்காகியுள்ளது. தலைமயிரின் பருமன் அதனினும் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஓடும் கணினி மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் மோதுகிறது. மோதிய இடத்தில் எழுதியிருந்தவை அழிகின்றன.

இவ்வாபத்தைப் பெரிய கணினிக்கூடங்கள் முன்பே அறிந்திருந்தன. அங்குத் தட்டில் உள்ளவற்றைக் காந்த நாடாவில் படியெடுப்பது பணியாளரின் அன்றாடக் கடமையாக இருந்தது. புதிய நாடா 'மகன்', முந்தையது 'தந்தை', அதற்கும் முந்தையது 'பாட்டன்' எனப் பெயரிட்டு மூன்று தலைமுறை நாடாக்களைப் பேணினர். மகன் பழுதுபட்டால் தந்தையிலிருந்து மீட்டனர்.

1980இல் சீகேட் நிறுவனம் கையில் ஏந்தத்தக்க வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு டன் எடையுள்ள ரமாக்கின் கொள்ளளவை அது விஞ்சியது. நம் வட்டாரம் இவ்வரலாற்றில் நுழைவது இக்கட்டத்தில்தான். 1982இல் அந்நிறுவனம் சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கியது, பிறரும் தொடர்ந்தனர். சில ஆண்டுகளில் சிங்கப்பூர் உலகிலேயே மிகுதியாக வன்தட்டு செய்யும் இடமாயிற்று. பினாங்கிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இத்தொழில் வேரூன்றியது. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பெண்மக்கள் பலர் மின்னணுத் தொழிற்சாலைகளில் இரவுப் பணி செய்து தம்பி தங்கையரைப் படிக்கவைத்தனர். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கிய வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டு ஆலை 2019இல் மூடப்பட்டது.

1988இல் மடிக்கணினிக்கு ஏற்ற இரண்டரை அங்குலத் தட்டு தோன்றியது. அதே ஆண்டில் பிரான்சின் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் செருமனியின் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த காந்தத்தடை விளைவு, பின்னர்த் தட்டுகளின் கொள்ளளவைப் பன்மடங்காக்கியது. அவ்விருவர்க்கும் 2007இல் நோபல் பரிசு கிட்டியது. 1996இல் யு.எஸ்.பி. இணைப்பு வந்தபின், சட்டைப்பையில் அடங்கும் புற வன்தட்டு எளியோர்க்கும் எட்டியது. இதனால் நேர்ந்த மாற்றம் ஒன்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. கணினிக்கூடத்துப் பணியாளரின் கடமை, யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு தனி மனிதரின் தலையிலும் வந்து இறங்கிவிட்டது.

படியெடுத்தல் பாதி வேலையே. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, தவறாக இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. காப்புநாடாக்களை எடுத்துப் பார்த்தனர். அவை ஒழுங்காகப் பதிவாகாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதுவரை மீட்டுப் பார்த்து எவரும் சோதிக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் பெண்மணியின் கணினியில் ஒரு படி இருந்தது. அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தனர். படம் பிழைத்தது. (அதன் கதையைப் பின்னர்ப் பெரிதும் மாற்றி எழுதினர் என்பது வேறு செய்தி.) அங்குக் காத்தது வேறோர் இடத்தில் இருந்த படியே. ஒரே பையில் மடிக்கணினியையும் புற வன்தட்டையும் சுமந்து செல்வோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். கணினியோடு எப்போதும் இணைத்தே வைப்பதும் தகாது. 2017 மே திங்களில் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்னும் நச்சுநிரல், கணினியோடு இணைந்திருந்த தட்டுகளையும் சேர்த்தே பூட்டியது.

தமிழ்க் கோப்புகளை மீட்பதில் இன்னுமோர் இடரும் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அக்காலத்திலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. அன்று தட்டச்சு செய்த பள்ளி மலரைப் பழைய தட்டிலிருந்து பழுதின்றி மீட்டாலும், இன்றைய கணினியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அதனை மாற்றி மென்பொருளில் இட்டு ஒருங்குறிக்குக் கொணர்ந்த பின்னரே படிக்க இயலும். எந்த எழுத்துருவில் எழுதியது என்பதைக் கோப்போடு குறித்துவைத்திருந்தால் அது சில நிமிட வேலை. குறிப்பு இல்லையெனில் ஒவ்வொரு முறையாக இட்டுப் பார்த்தே கண்டறிய வேண்டும்.