பினாகா கீத்மாலா

பினாகா கீத்மாலா என்பது இலங்கை வானொலியில் 1952 டிசம்பர் 3 முதல் ஒலிபரப்பான இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி ஆகும். இதனை அமீன் சயானி (1932–2024) தொகுத்து வழங்கினார். புதன்கிழமை தோறும் இரவு 8 மணிக்கு ஒலிபரப்பான இந்நிகழ்ச்சி, புதிதாக வெளிவந்த பாடல்களை அறிமுகம் செய்ததோடு அவற்றை மக்கள் விருப்பத்தின்படி வரிசைப்படுத்தியும் வழங்கியது. இந்தியத் திரையிசையில் தொடர்ச்சியாக நடந்த முதல் வானொலித் தரவரிசை நிகழ்ச்சியாக இது கருதப்படுகிறது.

பெயர்

'கீத்மாலா' என்னும் இந்திச் சொல்லுக்குப் பாமாலை என்பது பொருள். 'பினாகா' என்பது விளம்பரதாரரான சிபா நிறுவனம் விற்ற பற்பசையின் பெயர். பிற்காலத்தில் பற்பசையின் பெயர் 'சிபாகா' என மாறியபோது நிகழ்ச்சியின் பெயரும் மாறியது.

பின்னணி

1952 இல் இந்தியத் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் செவ்வியல் இசைக்கு முதன்மை அளிக்கப்பட்டது. திரைப்பாடல்களுக்கான நேரம் குறைக்கப்பட்டது. பாடலுடன் திரைப்படத்தின் பெயரை அறிவிப்பது விளம்பரமாகும் என வானொலி நிருவாகம் கருதியதால், தயாரிப்பாளர்களுடன் பிணக்கு ஏற்பட்டது. இதன் விளைவாகத் திரைப்பாடல்கள் அவ்வானொலியிலிருந்து பெருமளவு மறைந்தன.

இவ்வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி அதனிடம் இருந்தது. 1950 இல் தொடங்கப்பட்ட அதன் வர்த்தக சேவை விளம்பரங்களை ஏற்றுக்கொண்டது. இந்திய நேயர்களுக்கான நிகழ்ச்சிகள் பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, ஒலிநாடாக்களாக விமானத்தில் கொழும்புக்கு அனுப்பப்பட்டன. இந்திய நேயர் தம் நாட்டுப் பாடல்களை அயல்நாட்டு வானொலி வழியே கேட்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

நிகழ்ச்சி அமைப்பு

தொடக்கத்தில் இது ஒரு போட்டி நிகழ்ச்சியாக இருந்தது. வரிசை மாற்றி ஒலிபரப்பப்படும் ஏழு பாடல்களை நேயர்கள் காலவரிசைப்படி ஒழுங்குபடுத்தி எழுதி அனுப்ப வேண்டும்; பரிசுத் தொகை 100 ரூபாய். நிகழ்ச்சியைத் தயாரித்து வழங்கவும் கடிதங்களைச் சரிபார்க்கவும் தமக்கு வாரம் 25 ரூபாய் கிடைத்ததாகச் சயானி நேர்காணல்களில் கூறியுள்ளார். அவர் கூற்றுப்படி, முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன. பின்னர் அவ்வெண்ணிக்கை வாரத்துக்கு 65,000 வரை உயர்ந்தது. இத்தனை கடிதங்களையும் சரிபார்ப்பது இயலாததாகவே, 1954 இல் போட்டி கைவிடப்பட்டு நிகழ்ச்சி தரவரிசை வடிவம் பெற்றது.

ஒவ்வோர் இடத்தையும் சயானி 'பாயிதான்' (படி) எனக் குறிப்பிட்டார். கீழ்ப்படியிலிருந்து தொடங்கி முதலிடப் பாடல் இறுதியில் ஒலிபரப்பப்பட்டது. வாரந்தோறும் எப்பாடல் ஏறியது, எது இறங்கியது, எது புதிதாக நுழைந்தது என்பதை அவர் ஒரு கதைபோல விவரித்தார். வழக்கமான 'சகோதரர்களே, சகோதரிகளே' என்ற விளியை மாற்றிச் சகோதரிகளை முதலில் அழைத்தது அவரது தனி அடையாளமாயிற்று. ஆண்டிறுதியில் அவ்வாண்டின் சிறந்த பாடல்களின் பட்டியலும் வழங்கப்பட்டது. 1953 ஆம் ஆண்டுப் பட்டியலில் 'அனார்கலி' திரைப்படத்தின் 'யே ஜிந்தகி உஸி கி ஹை' என்னும் பாடல் முதலிடம் பெற்றது. லதா மங்கேஷ்கர் பாடிய இப்பாடலுக்கு இசையமைத்தவர் சி. ராம்சந்திரா.

தரவரிசை முறை

தரவரிசைக்கு இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை விவரமே முதன்மை ஆதாரமாக இருந்தது. ஆனால் விற்பனையை மட்டும் நம்பினால், பாடலின் வெற்றியில் ஆதாயம் உள்ளோர் கடைகள் வழியே முடிவை மாற்ற இயலும். ஆகவே பல ஊர்களில் இயங்கிய வானொலி நேயர் மன்றங்களின் கருத்துகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. விற்பனையையும் விருப்பத்தையும் அளந்த இப்பட்டியலை இசைத்தரத்தின் அளவுகோலாகக் கொள்ளல் இயலாது. எனினும் எந்த ஆண்டில் எந்தப் பாடல் பரவலாகக் கேட்கப்பட்டது என்பதை அறிய ஆய்வாளர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

நேயர்கள்

பாடல் விருப்பக் கடிதங்கள் அனுப்புவது வட இந்தியச் சிற்றூர்களில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது. அப்போது பீகாரிலும் தற்போது ஜார்க்கண்டிலும் உள்ள ஜும்ரி திலையா என்னும் அப்பிரகச் சுரங்க நகரம், அங்கிருந்து வானொலிக்குச் சென்ற விருப்பக் கடிதங்களாலேயே நாடெங்கும் அறியப்பட்டது.

தமிழ் ஒலிபரப்பு

இதே காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையும் திரைப்பாடல்களை ஒலிபரப்பித் தமிழ்நாட்டில் பெரும் நேயர் கூட்டத்தைப் பெற்றது. எஸ். பி. மயில்வாகனம், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்கள் இரு நாடுகளிலும் புகழ் பெற்றனர்.

பிற்காலம்

நேயர்களை மீட்கும் முயற்சியாக அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி சேவையைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு இடமளித்தது. 1967 இல் அச்சேவை விளம்பரங்களையும் ஏற்கத் தொடங்கியது. கீத்மாலா எனினும் இலங்கை வானொலியிலேயே தொடர்ந்து, 1989 இல் விவித் பாரதிக்கு மாறியது. எந்த வானொலி திரைப்பாடலை ஒதுக்கியதால் இந்நிகழ்ச்சி கொழும்பில் பிறந்ததோ, அதே வானொலி சுமார் 37 ஆண்டுகளுக்குப் பின் இதனை ஏற்றுக்கொண்டது. 2000களின் தொடக்கத்திலும் இது சில காலம் புதிய பெயரில் ஒலிபரப்பானது.

அமீன் சயானிக்கு 2009 இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் 2024 பெப்ரவரி 20 அன்று மும்பையில் காலமானார்.