வான் பாய்ந்த தண்ணீரும் கசிந்த தண்ணீரும்

பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் நிறைவது கான்கள்தான். மண் அரிக்காமலிருக்க வெட்டிய கான்கள் செந்நீராகப் பெருகி ஓடையில் விழும். ஓடை பெலிஹுல் ஓயாவிலோ வளவை கங்கையிலோ போய்ச் சேரும். அவை இரண்டும் கூடுகிற இடத்தில் 110 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறது சமனலவெவ அணை.

அங்கே தேங்கிய தண்ணீர் வெளியேறப் பொறியியலாளர்கள் வகுத்த பெருவழி சுரங்கம். ஐந்து கிலோமீற்றருக்கு மேல் அதற்குள் ஓடி, 120 மெகாவாட் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு உடவளவை நீர்த்தேக்கத்துக்கு இறங்குகிறது. மழை மிஞ்சினால் வான்கதவு. தாழ்நிலத்தார் அவதானமாக இருக்கும்படி வானொலி சொல்லும். மின்சார சபைக்காரருக்கு 'ஸ்பில்' போவது நட்டக் கணக்கு, ஒரு யூனிட்டும் தராமல் ஓடிவிட்ட தண்ணீர். கிழக்கு மாகாணத்திலோ குளம் வான் பாய்கிறது என்றால் சனம் குடும்பத்தோடு பார்க்கக் கிளம்பிவிடும்!

சமனலவெவவில் யாரும் வகுக்காத வழியும் ஒன்று உண்டு. வலக்கரை மலை சுண்ணாம்புப் பாறை. உள்ளே குகையும் வெடிப்புமாக இருக்கிறது. சீமெந்துக் கலவையை உள்ளே செலுத்தித் திரை போட்டும் அடைபடவில்லை. 1992 அக்டோபரில், நீர்த்தேக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதே, அணைக்குக் கீழே மலைச்சரிவைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் வெளியே வந்தது. பிறகு படகுகளில் மண் கொண்டுபோய் நீருக்கடியில் கொட்டிப் பார்த்தார்கள். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

பத்திரிகைகளுக்கு அது 'ஒழுகும் அணை'. கீழே கல்தொட்டை விவசாயிகளுக்கோ வயலுக்கு வரும் தண்ணீர். சுரங்கம் ஆற்றைத் திசைதிருப்பிவிட்டதால் அவர்களுக்கென்று அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருந்தது. அதில் பெரும்பங்கைக் கசிவே கொடுத்துவிடுகிறது. முழுக்க அடைத்திருந்தாலும் அந்தத் தண்ணீரை மதகு திறந்து கொடுத்தேயாக வேண்டும். அதை வீண் என்று எழுதியவர்கள் வயல் பக்கம் போயிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

வான் பாய ஒரு சொட்டும் மிஞ்சாத காலமும் வரும். 2023 ஓகஸ்டில் உடவளவை வற்றி நெல் கருகியது. விவசாயிகள் சமனலவெவ நீரைக் கேட்டுப் போராடினார்கள். திறந்தால் தென்பகுதிக்கு மின்வெட்டு வரும் என்றது மின்சாரத் தரப்பு. கடைசியில் அமைச்சரவை தலையிட்டுத்தான் தண்ணீர் விடப்பட்டது.